விண்டோஸை மாற்றும் முன் மேசைக்குப் பின்னால் இருக்கும் ஒயர்களைப் பாருங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. திருப்பூர், கரூர், ஈரோடு பக்கம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இப்போது முதலாளிகள் கேட்பது இதைத்தான்: "நல்லாத்தானுங்க ஓடுது, எதுக்குங்க மாத்தோணும்?"

ஓடும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் ஆதரவு முடிந்தது. இரண்டும் இன்றைக்கும் பல குடோன்களிலும் எடை மேடைகளிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் நாளைக்குப் புதிதாக ஓர் ஓட்டை தெரியவந்தால் அதை அடைத்துத் தர ஆள் கிடையாது. 2017 மே 12 அன்று பரவிய, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாகிரை வைரஸை நினைத்துப் பாருங்கள். அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. போட்டவர்கள் தப்பினார்கள். யாரும் எந்த லிங்கையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் ஷேரிங் வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தானாகத் தாவியது. கணக்கு டேட்டா இருக்கும் ஃபோல்டரை ஆபீஸ் முழுக்க ஷேர் போட்டு, பேக்கப்பையும் அதே டிஸ்கின் டி டிரைவில் வைத்திருக்கும் நம் ஊர் வழக்கத்துக்கு இது ரொம்பப் பொருந்தும்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் புதிதாக்கச் சொல்லும் கட்சி இல்லை நான். விண்டோஸ் போடுவது அரை நாள் வேலை. அதில் என்னவெல்லாம் தொங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. எடை மேடையிலிருந்து வரும் சீரியல் கேபிள், பேட்டர்ன் போடும் சாஃப்ட்வேரின் பேரலல் போர்ட் டாங்கிள் (செருகியிருந்தால்தான் சாஃப்ட்வேர் திறக்கும் சாவி மாதிரியான பொருள்), பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ், டிசைனை ஃபிளாப்பியில் வாங்கும் எம்பிராய்டரி மிஷின் என்று ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டுமே. 32 பிட் டிரைவர் அதில் ஏறாது. டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ பில்லிங் நேரடியாக ஓடாது. எடை மேடைக்கு யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் பெரும்பாலும் போதும். ஆனால் கடையில் கிடைக்கும் யுஎஸ்பி பேரலல் கேபிள் பிரிண்டருக்காகச் செய்தது, பழைய டாங்கிளை அது பொதுவாகக் கண்டுகொள்ளாது. சாஃப்ட்வேர் கொடுத்தவரிடம் யுஎஸ்பி டாங்கிள் மாற்றித் தருவாரா என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் வாங்கலாம்.

மிஷினை இயக்கும் எக்ஸ்பி பெட்டியை மாற்ற வழியே இல்லையா? இருக்கட்டும். லேன் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். அந்த வேலைக்கென்று தனியாக ஒரு பென்டிரைவ் ஒதுக்கி, வேறு கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்தபின் மட்டும் செருகுங்கள். டிஸ்கின் முழு இமேஜ் ஒன்றை, அதாவது விண்டோஸோடு சேர்த்து அப்படியே ஒரு நகலை, எடுத்து வையுங்கள். அது இல்லாமல் டிஸ்க் போனால் லட்சக்கணக்கில் விலையுள்ள மிஷின் சும்மா நிற்கும். ஹார்டுவேர் எதுவும் தொங்காத பழைய சாஃப்ட்வேர் என்றால், டிஸ்க்டுவிஹெச்டி என்ற மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவியால் அந்தக் கம்ப்யூட்டரை அப்படியே ஒரு ஃபைலாக்கி, விண்டோஸ் புரோவில் இருக்கும் ஹைப்பர்-வியில் (ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டும் வசதி) ஓட்டிப் பார்க்கலாம். பழைய விண்டோஸின் லைசென்ஸ் அந்தப் பெட்டிக்கு மட்டும் என்று வந்ததா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் யோசிக்காத இடம் தமிழ் எழுத்து. பழைய பில்லிங்கில் பார்ட்டி பெயர், ஊர், சரக்குப் பெயரைத் தமிழில் அடித்திருப்பார்கள். அது எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி படிக்கும் பொதுக் குறியீடான யுனிகோடு கிடையாது; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த ஃபான்ட். புதுக் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லையென்றால் "பெருந்துறை" என்ற பெயர் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக வந்து நிற்கும். அதனால் பழைய கம்ப்யூட்டரை அணைக்கும் முன்பே ஃபான்ட்டின் பெயரைக் குறித்து, அதன் ஃபைலையும் காப்பி எடுத்து வையுங்கள். அந்த ஃபான்ட் எந்தக் குறியீடு என்று தெரியாமல், யுனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டரில் போட்டால் குப்பைதான் வரும். இன்னொன்று, முழு டேபிளையும் மொத்தமாக மாற்றக் கூடாது: ஐட்டம் கோடு, ஜிஎஸ்டி எண் போன்ற ஆங்கில நெடுவரிசைகளையும் அது தமிழாக்கிவிடும். ஒவ்வொரு நெடுவரிசையாகப் பிரித்து மாற்றுங்கள். யுனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும் என்பதால், 30 பைட் அகலம் வைத்த இடத்தில் நீளமான பெயர்கள் பாதியில் வெட்டுப்படும். மாற்றியதும் கணக்குப் பார்ப்பவரையே உட்காரவைத்து, நீளமான பெயர்களாகப் பார்த்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நமக்குப் பிடிபடாத தப்பு அவர் கண்ணில் உடனே படும்.

புது விண்டோஸ் 11 வந்ததும் பழைய சர்வர் ஃபோல்டர் திறக்கவில்லை என்று ஃபோன் வரும். 24ஹெச்2 பதிப்பிலிருந்து ஷேரிங் கெடுபிடி கூடியிருக்கிறது, பாஸ்வேர்டு இல்லாத ஷேர் ஒத்துக்கொள்ளாது. உடனே யாராவது யூடியூபைப் பார்த்து எஸ்எம்பி 1-ஐத் திரும்ப ஆன் செய்வார்கள். வானாகிரை வந்த வாசல் அது. ஒவ்வொருவருக்கும் யூசர், பாஸ்வேர்டு போட்டுக் கொடுங்கள்.

செலவு? விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் ஏறத்தாழ 8-ஆம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். 2017-க்கு முன் வாங்கியவை பெரும்பாலும் தேறாது. சோதனையை ஏமாற்றிப் போடும் குறுக்குவழி இருக்கிறது. வீட்டில் விளையாடிப் பார்க்கலாம், கம்பெனியில் வேண்டாம். அவகாசம் வேண்டுமென்றால் விண்டோஸ் 10-க்குக் காசு கட்டித் திருத்தம் வாங்கலாம்: கம்பெனிகளுக்கு முதல் வருடம் கம்ப்யூட்டருக்கு 61 டாலர், வருடா வருடம் இரட்டிப்பாகும், அதிகபட்சம் 3 வருடம்.

நாள் குறிக்கும்போது மார்ச்சைத் தொடவே வேண்டாம். மாதத்தில் ஜிஎஸ்டிஆர்-1 போடும் 11-ஆம் தேதியையும், ஜிஎஸ்டிஆர்-3பி போடும் 20-ஆம் தேதியையும் ஒட்டி வைக்காதீர்கள். திருப்பூரில் தீபாவளி லீவில் ஆபீஸ் காலியாக இருக்கும், வசதிதான்; ஆனால் சாஃப்ட்வேர்காரரும் அப்போது ஊரில் இருக்க மாட்டார், முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மாற்றி முடித்ததும் பழைய பெட்டியை எடைக்குப் போடும் முன் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். ஜிஎஸ்டி கணக்கை, அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் புத்தகங்களை 8 வருடம். டிஸ்கின் மேல் கம்பெனி பெயர், எந்த வருடக் கணக்கு, எந்த சாஃப்ட்வேர், எந்த ஃபான்ட் என்று எழுதி ஒட்டி, அந்த டாங்கிளோடு சேர்த்துப் பீரோவில் வைத்துவிடுங்கள்.