10 கிலோவா, 10 நியூட்டன் மீட்டரா?

போன மாதம் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பைக்கின் கிளட்ச் கவரை மாட்டிக்கொண்டிருந்த பையன் மூன்றாவது போல்ட்டில் கையை எடுத்துவிட்டான். போல்ட் சும்மா சுற்றுகிறது, அலுமினியத்தில் இருந்த மரை வழித்துக்கொண்டு வந்துவிட்டது. இத்தனைக்கும் டார்க் ரெஞ்ச் (போல்ட்டைத் திருப்பும் முறுக்கை, அதாவது டார்க்கை, அளந்து இறுக்க உதவும் ஸ்பேனர்) வைத்துத்தான் இறுக்கினான். ரெஞ்சில் 10, மேனுவலிலும் 10. ஆனால் மேனுவல் சொன்னது நியூட்டன் மீட்டர், அவன் பார்த்தது ரெஞ்சின் மறுபக்கம் இருந்த அடி-பவுண்டு. 10 அடி-பவுண்டு என்றால் 13.6 நியூட்டன் மீட்டர். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு, அதுவும் பலமுறை கழற்றி மாட்டிய பழைய மரைக்கு, அது அதிகம்.

அவனைத் திட்டிப் பயனில்லை, நாங்கள் பேசுவதே அப்படித்தான். "10 கிலோ வை" என்போம். கிலோ சொல்வது விசையை மட்டும்தான். அதே பலத்தில் அழுத்தினாலும், ஸ்பேனரில் பைப்பைச் சொருகிப் பிடியின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் டார்க்கும் இரண்டு மடங்கு. விசையை, போல்ட்டின் மையத்திலிருந்து அதற்குச் செங்குத்தாக உள்ள தூரத்தால் பெருக்கினால்தான் டார்க். அதனால் அலகில் நீளம் இல்லையென்றால் அது டார்க்கே இல்லை. நீங்கள் சொல்லும் 10 கிலோ, கிலோ-சென்டிமீட்டர் என்றால் 0.98 நியூட்டன் மீட்டர். கிலோ-மீட்டர் என்றால் 98. நூறு மடங்கு வித்தியாசம்! முதலாவதில் போல்ட் தானாகக் கழன்று விழும், இரண்டாவதில் தலை முறிந்து கையில் வரும்.

ஐடிஐ மாணவர்கள் அடிக்கடி கேட்பது: நியூட்டன் மீட்டர்தானே ஜூல், அப்படியே எழுதினால் என்ன? பரிமாணம் இரண்டுக்கும் ஒன்றுதான், நிறையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தது. ஆனால் அசையாத நட்டில் ரெஞ்சை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும் டார்க் உண்டு, வேலை பூஜ்யம். திரும்பினால்தான் ஆற்றல் கணக்கு. 1 நியூட்டன் மீட்டரில் ஒரு முழுச் சுற்று திருப்பினால் 6.28 ஜூல். கோணத்துக்குப் பரிமாணம் இல்லாததால்தான் இந்தக் குழப்பம். டார்க்கை ஜூலில் எழுதாதீர்கள்.

அப்புறம், ரெஞ்சின் தலையில் நேராக அடாப்டர் மாட்டினாலும் நீளம் மாறிவிடும். பிடியின் நடுவிலிருந்து தலைவரை 400 மில்லிமீட்டர் உள்ள ரெஞ்சில் 50 மில்லிமீட்டர் கூடினால், 100 என்று வைத்தது நட்டில் 112.5 ஆகிறது.

அந்த மரையை 'ஹெலிகாயில்' (Helicoil) என்ற, மரையாகச் சுருட்டிய கம்பிச் சுருளைப் போட்டுச் சரிசெய்தோம். எங்கள் ரெஞ்சுகளில் அடி-பவுண்டு பக்கத்தை இப்போது சிவப்பு டேப் ஒட்டி மறைத்திருக்கிறோம்.