அபார்ட்ஹெய்ட்: ஒதுங்கலா, ஒதுக்கலா?

மண்டேலாவைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் "நிறவெறியை எதிர்த்துப் போராடியவர்" என்ற வரி வந்துவிடும். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதி வந்தேன். அந்தச் சொல்லில் கோபம் இருக்கிறது, அந்தக் கோபம் நியாயமானதும்கூட. ஆனால் வெறி என்பது தலைக்கு ஏறுவது. ஏறியது இறங்கவும் செய்யும். தென்னாப்பிரிக்காவில் நடந்ததோ, மக்களை இனவாரியாகப் பிரித்து வைக்க மேசை முன் நிதானமாக உட்கார்ந்து எழுதிய சட்டம். அதற்குப் படிவம் இருந்தது, முத்திரை இருந்தது, முறையீடு செய்ய ஒரு வாரியம்கூட இருந்தது. யார் மீதும் எந்த வெறியும் இல்லாத ஒரு குமாஸ்தாவும் காலையில் வந்து அந்தப் படிவங்களை நிரப்பிவிட்டு மாலையில் வீட்டுக்குப் போக முடிந்தது. இந்த ஏற்பாட்டுக்கு அதை உண்டாக்கியவர்களே வைத்த பெயர்தான் அபார்ட்ஹெய்ட்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். இது ஆப்பிரிக்கான்ஸ் மொழிச் சொல். டச்சுக் குடியேறிகளின் பேச்சு தென்னாப்பிரிக்க மண்ணில் வேறாக வளர்ந்து உருவான மொழி அது. 'அபார்ட்' என்றால் தனியாக, விலகி. பிரெஞ்சிலிருந்து டச்சுக்குள் வந்த சொல். 'ஹெய்ட்' என்பது பண்புப்பெயர் விகுதி, நம்முடைய 'மை' மாதிரி. கருமை, வறுமை என்பதில் 'மை' என்ன வேலை செய்கிறதோ அதே வேலை. ஆக, எழுத்துக்கு எழுத்து மாற்றினால் தனி + மை, தனிமை. அல்லது வேறு + மை, வேற்றுமை. தமிழில் சிலர் 'அப்பார்தீட்' என்று எழுதுகிறார்கள். அங்கே ட் ஒரு உறுப்பைச் சேர்ந்தது, ஹெ அடுத்த உறுப்பைச் சேர்ந்தது. இரண்டையும் கலந்து 'தீ' ஆக்கினால் சொல்லின் மூட்டே தெரியாமல் போய்விடும். கடைசி எழுத்தையும் ஆப்பிரிக்கான்ஸ்காரர்கள் வல்லோசையாகவே முடிப்பார்கள். அபார்ட்ஹெய்ட் என்று எழுதினால் சரி.

தனிமை, வேற்றுமை. கேட்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது! யாரும் யாரையும் எதுவும் செய்யவில்லை, ஏதோ இயல்பாக அமைந்துவிட்ட நிலை என்பது போல. இந்தச் சொல்லின் சூழ்ச்சியே இதுதான் என்று நினைக்கிறேன். அதில் எழுவாய் கிடையாது. செய்தது யார் என்ற கேள்விக்கே இடம் வைக்காத சொல்.

பிறந்த இடமும் சாதுவான இடம்தான். 1929-இல் க்ரூன்ஸ்டாட் நகரில் டச்சுச் சீர்திருத்தச் சபையின் போதகர் ஒருவர் மதப்பணியைப் பற்றிப் பேசும்போது இதைப் பயன்படுத்தியிருக்கிறார். 1940-களில் செய்தித்தாளுக்கும் நாடாளுமன்றத்துக்கும் வந்தது. 1948 மே மாதத் தேர்தலில் டி. எஃப். மலான் தலைமையில் தேசியக் கட்சி இந்தச் சொல்லை முழக்கமாக்கி ஜெயித்தது. அப்புறம் சட்டங்கள் வரிசையாக வந்தன. 1949-இல் கலப்பு மணத் தடை. 1950-இல் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பதியும் மக்கள் பதிவுச் சட்டம், அதே ஆண்டில் எந்த இனம் எங்கே வாழலாம் என்று வகுக்கும் குழுப் பகுதிகள் சட்டம். 1953-இல் பொது வசதிகளைப் பிரிக்கும் சட்டமும், கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தரம் தாழ்ந்த தனிக் கல்வியும்.

சொல் வந்தது 1948-ஐ ஒட்டி என்றாலும் செயல் அதற்கு வெகுநாள் முந்தியது. மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலிருந்த கறுப்பின மக்களுக்கு 1913-ஆம் ஆண்டு நிலச் சட்டம் விட்டுவைத்தது நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதம். 1936-இல் அது 13 சதவீதம் அளவுக்கு உயர்த்தப்பட்டது. அதே 1913-இல்தான் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த நம் தில்லையாடி வள்ளியம்மை இந்தியர்களுக்கு எதிரான சட்டங்களை மீறிச் சிறை போனார். உடல் நலிந்து வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்தார். பதினாறு வயது. அவருக்கு அபார்ட்ஹெய்ட் என்ற சொல்லே தெரிந்திருக்காது.

சரி, தமிழில் என்ன சொல்வது? இங்கேதான் நம் மொழி கைகொடுக்கிறது. ஒதுங்கு, ஒதுக்கு என்று நமக்கு இரண்டு வினைகள் உண்டு. மழைக்கு ஒதுங்குகிறோம், அது தன்வினை, நாமாகச் செய்வது. ஊரைவிட்டு ஒருவரை ஒதுக்குகிறார்கள். அது பிறவினை, செய்கிறவர் வேறு, படுகிறவர் வேறு. அபார்ட்ஹெய்ட் என்ற சொல் தன்னை 'ஒதுங்கல்' என்று காட்டிக்கொண்டது. அவரவர் அவரவர் இடத்தில் அவரவர் பண்பாட்டோடு ஒதுங்கி வாழட்டும் என்று பேசியது. பிரதமர் பெர்வூர்ட் இதை நல்ல அண்டைவீட்டார் கொள்கை என்றே சொல்லலாம் என்றார். உண்மையில் நடந்தது ஒதுக்கல்.

ஒதுக்கு என்ற வினைக்குள்ளும் ஒரு நுட்பம் உண்டு. "அவருக்கு ஒதுக்கினார்கள்" என்றால் கொடை. "அவரை ஒதுக்கினார்கள்" என்றால் கொடுமை. நான்காம் வேற்றுமையா இரண்டாம் வேற்றுமையா என்பதில் ஒரு மனிதரின் வாழ்க்கையே புரண்டுவிடுகிறது. இடஒதுக்கீட்டில் இருப்பது 'கு'. தலைமுறை தலைமுறையாக வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்கு உள்ளே இடம் எடுத்து வைப்பது. இனவொதுக்கலில் இருப்பது 'ஐ'. தென்னாப்பிரிக்க அரசு எப்போதும் 'கு' போட்டே பேசியது. 1953 சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது: தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம். அந்தச் சட்டம் இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதி வைத்தது. ஒதுக்கப்படும் வசதிகள் ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டியதில்லை. பூங்கா பெஞ்சிலும் கடற்கரையிலும் அஞ்சலக வரிசையிலும் "வெள்ளையருக்கு மட்டும்" என்ற பலகை வந்தது. கறுப்பின மக்களிடம் "உங்களுக்குத் தாயகம் ஒதுக்குகிறோம்" என்று சொல்லிப் பத்து தாயகங்களை வரைந்தார்கள். அவற்றில் ஒன்றான டிரான்ஸ்கெய்க்கு 1976-இல் 'சுதந்திரம்' கொடுத்தார்கள். உலகில் வேறு எந்த நாடும் அதை ஏற்கவில்லை. தாயகம் கிடைத்த கணக்கில், பிறந்த நாட்டின் குடியுரிமை போனது.

பெயர் வைப்பதில் அந்த அரசு காட்டிய அக்கறையைத் தனியே பார்க்க வேண்டும். கறுப்பின ஆண்கள் பாஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்ற பழைய விதிகளை 1952-இல் ஒன்றாக்கி இறுக்கினார்கள். அந்தச் சட்டத்தின் பெயரில் "பாஸ் ஒழிப்பு" என்று இருக்கும். பாஸின் பெயரை 'குறிப்புப் புத்தகம்' என்று மாற்றிவிட்டால் பாஸ் ஒழிந்துவிட்டது, அவ்வளவுதான். புகைப்படம், கைரேகை, வேலை செய்யும் இடம், மாதாமாதம் முதலாளியின் கையெழுத்து, எல்லாம் அதற்குள் இருக்கும். எந்தப் போலீஸ்காரர் எந்தத் தெருமுனையில் கேட்டாலும் எடுத்துக் காட்ட வேண்டும். ஒரு மாதக் கையெழுத்து விடுபட்டிருந்தால் கைதாகலாம். மக்கள் அதை 'டொம்பாஸ்' என்றார்கள். முட்டாள் பாஸ் என்று பொருள். கறுப்பின மக்களை நிர்வகித்த பூர்வகுடி விவகாரத் துறை 1958-இல் பான்டு நிர்வாகத் துறை ஆனது; 1978-இல் 'பன்மை உறவுகள்' துறை ஆனது; அடுத்த வருடமே 'ஒத்துழைப்பு' என்றானது. ஜோகன்னஸ்பர்க்கின் சோஃபியாடவுன் என்ற உயிர்ப்பான குடியிருப்பை 1955-இலிருந்து காலி செய்து இடித்துவிட்டு, அதே இடத்தில் வெள்ளையருக்கு வீடுகள் கட்டி 'ட்ரியோம்ஃப்' என்று பெயர் வைத்தார்கள். வெற்றி என்று பொருள். அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இனமா நிறமா என்பது அடுத்த கேள்வி. 'நிற ஒதுக்கல்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மக்கள் பதிவுச் சட்டம் நிறத்தை மட்டும் பார்க்கவில்லை. சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். பென்சில் கீழே விழுந்தால் வெள்ளையர். முடியில் சிக்கி நின்றால் இல்லை. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பிரிவிலும் தம்பி வேறு பிரிவிலும் பதிவாக முடிந்தது. வணிக உறவு வேண்டியிருந்ததால் ஜப்பானியரை 'கௌரவ வெள்ளையர்' என்று நடத்தினார்கள். கண்ணுக்குத் தெரியும் நிறத்தைவிடக் காகிதத்தில் எழுதிய இனமே செல்லுபடியானது. அதனால் 'இன' என்ற முன்னொட்டே சரி.

மற்ற சொற்களையும் சொல்லிவிடுகிறேன். இனப்பாகுபாடு பொதுவான சொல். சட்டம் இல்லாத ஊரிலும் பாகுபாடு உண்டு. பிரிவினை என்றால் நமக்கு 1947-தான் நினைவுக்கு வரும். தீண்டாமை என்று சிலர் உணர்ச்சியோடு எழுதுவார்கள். இரண்டும் மனிதரை ஒதுக்குபவைதான், ஆனால் சாதிக்கு அதற்கென்று வேரும் வரலாறும் இருக்கின்றன. ஒன்றின் பெயரை மற்றதற்கு வைத்தால் இரண்டுமே மங்கிப்போகும்.

இந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல்லும் ஆப்பிரிக்காவிலிருந்தே வந்தது. வேற்றுமைக்கு எதிர் ஒற்றுமை. 1900-இல் லண்டனில் ஆப்பிரிக்க வம்சாவளி வழக்கறிஞர் ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ் கூட்டிய அனைத்து ஆப்பிரிக்க மாநாட்டிலிருந்தே அந்தக் குரல் கேட்கிறது. 1963 மே 25-இல் அடிஸ் அபாபாவில் 32 நாடுகள் கூடி ஒரு அமைப்பைத் தொடங்கியபோது அதற்கு ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு என்றே பெயர் வைத்தன. அதன் விடுதலைக் குழு தார் எஸ் சலாமில் இருந்துகொண்டு தெற்கே போராடிய இயக்கங்களுக்குப் பணமும் பயிற்சியும் திரட்டியது. தென்னாப்பிரிக்கா அந்த அமைப்பில் உறுப்பினராக முடிந்தது 1994-இல்தான். உள்நாட்டிலும் ஒற்றுமை சும்மா வரவில்லை. 1947 மார்ச்சில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் சூமா, நேட்டால் இந்தியக் காங்கிரஸின் மோண்டி நாயக்கர், டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரஸின் யூசுப் தாதூ ஆகிய மூவரும் சேர்ந்து போராடுவோம் என்று கையெழுத்திட்டார்கள். மூவரும் மருத்துவர்கள் என்பதால் அதை மருத்துவர் ஒப்பந்தம் என்பார்கள்.

ராபர்ட் சொபுக்வேயைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. 1959-இல் அனைத்து ஆப்பிரிக்கவாதக் காங்கிரஸைத் தொடங்கியபோது, உலகில் இருப்பது ஒரே இனம், அது மனித இனம் என்று அவர் பேசினார். மக்களை இனம் இனமாகப் பதிவேட்டில் பிரித்துக்கொண்டிருந்த அரசுக்கு எதிரே அந்தச் சொல்லையே மறுத்தார். 1960 மார்ச் 21 காலையில் தன் பாஸை வீட்டில் வைத்துவிட்டு, என்னைக் கைது செய்யுங்கள் என்று ஒர்லாண்டோ காவல் நிலையத்துக்கு நடந்து போனார். அன்றைக்கே ஷார்ப்வில்லில் பாஸ் இல்லாமல் கூடிய கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டது. 69 பேர் இறந்தார்கள். பலருக்குக் குண்டு முதுகில் பாய்ந்திருந்தது. சொபுக்வேயின் மூன்று வருடத் தண்டனை முடிந்த பிறகும் அவரை வெளியே விடாமலிருக்க ஒரு சட்டப் பிரிவையே கொண்டுவந்தார்கள். ராபன் தீவில் மற்ற கைதிகளிடமிருந்து பிரித்து, ஒரு தனி வீட்டில் ஆறு வருடம் வைத்தார்கள். ஒதுக்கல் என்ற சொல்லை ஒரு மனிதர் மேல் நிறுத்திப் பார்க்க வேண்டுமென்றால் எனக்கு அந்த வீடுதான் தெரிகிறது.

இப்போது இந்தச் சொல் தென்னாப்பிரிக்காவைத் தாண்டிவிட்டது. ஐ.நா. 1973-இல் இதைக் குற்றமாக வரையறுத்த உடன்படிக்கையை ஏற்றது. 1998-இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான ரோம் சட்டம் இதை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஓர் இனக்குழு இன்னொன்றை முறைப்படி ஒடுக்கி ஆளும் நிறுவன அமைப்பு, அந்த ஆட்சியை நிலைக்கவைக்கும் நோக்கம், இவை இரண்டுமே வரையறையின் மையம். வெறி இருந்ததா என்று அது கேட்பதில்லை.

அதனால் அபார்ட்ஹெய்டுக்கு இனவொதுக்கல் என்று எழுதுகிறேன். இது என் கண்டுபிடிப்பல்ல, இணையத் தமிழில் ஏற்கெனவே புழங்குவதுதான். இன + ஒதுக்கல், நடுவில் வகர உடம்படுமெய். பிரித்து 'இன ஒதுக்கல்' என்று எழுதினாலும் பிழையில்லை. இனவொதுக்கல் அரசு, இனவொதுக்கல் சட்டங்கள், இனவொதுக்கல் எதிர்ப்பு இயக்கம் என்றெல்லாம் தடையில்லாமல் வருகிறது. நிறவெறியைத் தூக்கிப் போட வேண்டாம். பென்சிலைச் செருகிய கைக்குள் இருந்தது நிறவெறி. அந்தப் பென்சிலை அரசாங்கக் கணக்கில் வாங்கிக் கொடுத்தது இனவொதுக்கல்.