துணைக்கு இன்னொரு குட்டி வாங்கும் முன், வீட்டில் இருப்பவனை ஒருமுறை அழைத்து வாருங்கள்

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, இரவு எட்டே முக்கால். கிளினிக் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஆட்டோவில் ஒரு தம்பதி வந்து இறங்கினார்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. அம்மாவின் மடியில் துண்டில் சுற்றிய ஒரு ஷிட்ஸு குட்டி. துண்டை விலக்கிப் பார்த்தேன். இடது கண் குழியை விட்டு வெளியே வந்து, இமைக்கு முன்னால் நின்றது. விழியின் மேல்பகுதி காய்ந்து மங்கத் தொடங்கியிருந்தது. குட்டி அழக்கூட இல்லை.

"ராக்கி கடிச்சிட்டான் டாக்டர். பதினோரு வருஷத்துல ஒரு ஈயைக்கூடக் கடிச்சதில்ல. அவனுக்குத் துணைக்குன்னுதானே வாங்கினோம்."

துணைக்குன்னு வாங்கினோம். இந்த மாதத்தில் மட்டும் இதை நான்காவது முறையாகக் கேட்கிறேன். நான்கு பேரும் நல்லவர்கள், பிராணிகள் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். நான்கு வீட்டிலும் யாரோ ஒரு ஜீவன் அடிபட்டோ நோயோடோதான் என் மேஜைக்கு வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

ராக்கி லாப்ரடார். சில மாதமாக ஹால் மூலையிலேயே படுத்துக் கிடந்தானாம். முன்பெல்லாம் ஆட்டோ சத்தம் கேட்டால் வாசல் கேட்டுக்கு ஓடுவான், இப்போது தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறானாம். பிரான்சில் இருக்கும் மகன் வீடியோ காலில் பார்த்துவிட்டு, "தனியா இருந்து டிப்ரஷன் வந்திருக்கும்மா, ஒரு குட்டி வாங்குங்க" என்று பணம் அனுப்பியிருக்கிறார். நாற்பது நாள் குட்டி வந்தது. வந்த ஐந்தாம் நாள் ராக்கியின் இடுப்பில் ஏறிக் குதித்தது. அவன் திரும்பி ஒரே ஒருமுறை கவ்வினான்.

ஷிட்ஸு, பக் போன்ற தட்டை முக நாய்களுக்குக் கண்குழி ஆழமே கிடையாது. பெரிய நாய் கழுத்தைப் பிடித்து இழுத்தாலே கண் வெளியே வந்துவிடும். அப்படி ஆனால் நீங்களாக உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். சுத்தமான துணியை சலைனில் நனைத்து, கண் காயாமல் மேலே போட்டுக்கொண்டு உடனே வாருங்கள். மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

அன்று இரவே மயக்கம் கொடுத்து விழியை உள்ளே வைத்து இமைகளைத் தைத்தேன். மறுநாள் ராக்கியை அழைத்து வரச் சொன்னேன். கடித்தவனைத் திட்டத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஐயா அவனுக்காக மன்னிப்புக் கேட்டபடியே வந்தார்.

பின்னங்காலை மெதுவாகப் பின்னால் நீட்டினேன். ராக்கி உறுமவில்லை. தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தான், உதட்டை ஒருமுறை நக்கிக்கொண்டான், பார்வையை விலக்கிக்கொண்டான். அவ்வளவுதான். நாய் வலியைச் சொல்லும் விதம் பெரும்பாலும் இதுதான். கத்தினால்தான் வலி என்று நாம் காத்துக்கொண்டிருக்கிறோம். எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்திருந்தன. எழுந்தால் வலிக்கும் என்பதால்தான் அவன் கேட்டுக்கு வரவில்லை. வலிக்கிற இடுப்பில் ஒரு குட்டியைக் கொண்டுவந்து குதிக்கவிட்டிருக்கிறோம்.

தனிமை என்று சொல்லி அழைத்து வரப்படும் நாய்களில் எத்தனை நாய்க்கு மூட்டு வலி, எத்தனை நாய்க்குப் பல் சீழ், எத்தனை நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் என்று பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. தைராய்டு குறைந்த நாயும் சோர்ந்துதான் கிடக்கும். காது கேட்காத கிழ நாயும் கூப்பிட்டால் வராது. வயதான நாய்க்கு மூளை தளர்ந்தால் நடு ராத்திரியில் சுவரைப் பார்த்து நின்று குரைக்கும். இதற்கெல்லாம் மருந்து இன்னொரு நாய் இல்லை. அப்புறம், வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதி நேரம் தூங்குவது இயல்பு. தூங்கும் நாயைப் பார்த்து "பாவம், சோகமா இருக்கான்" என்று முடிவு கட்டாதீர்கள்.

வலி என்று தெரிந்ததும் வீட்டு அலமாரியில் இருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனிதர்களுக்கான வலி மாத்திரைகள் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூனைக்குப் பாராசிட்டமால் விஷம். ஒரே ஒரு மாத்திரையில் பூனையை இழந்தவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் எரிச்சல் தரும் விஷயத்துக்கு வருகிறேன். "நாய் கூட்டமா வாழுற பிராணி டாக்டர், அதுக்கு இன்னொரு நாய் வேணும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, அந்தக் கூட்டம் எது? உங்கள் நாய் கண் திறந்த சில வாரத்தில் தாயை விட்டு வந்தது. அன்றிலிருந்து உங்கள் கையில் சாப்பிடுகிறது, உங்கள் செருப்பு பக்கத்தில் படுக்கிறது, தெருமுனையில் வரும் பத்து வண்டியில் உங்கள் வண்டிச் சத்தத்தைப் பிரித்து அறிகிறது. அதன் கூட்டம் நீங்கள்தான். ரெட்டியார்பாளையத்தில் இரண்டாம் மாடி ஃபிளாட்டைக் காலை ஒன்பதுக்குப் பூட்டிவிட்டு மாலை ஆறுக்கு வருகிறீர்கள். அந்த ஒன்பது மணி நேரமும் அது தேடுவது உங்களை. முன்பின் தெரியாத ஒரு குட்டியை அது தேடவே இல்லை.

இப்படி ஒரு ஃபிளாட்டில் துணைக்கு என்று இரண்டாவது நாய் வந்தது. முதல் நாய் கதவைப் பிராண்டி ஊளையிடும். புதிது ஒரு வாரம் பார்த்தது, பிறகு அதுவும் சேர்ந்து பிராண்டியது. இரண்டு நாய்களும் கதவடியில். வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். கடைசியில் இரண்டில் எதை யாருக்குக் கொடுப்பது என்று என்னிடம் வந்து அழுதார்கள்.

செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். பழைய போன் ஒன்றை அலமாரி மேல் வைத்து வீடியோவை ஓடவிட்டு, வழக்கம்போல் பூட்டிக்கொண்டு கிளம்புங்கள். நீங்கள் போன அரை மணி நேரத்துக்குள் ஊளை, எச்சில் வழிதல், கதவைப் பிராண்டுதல் என்று தொடங்கினால் அது பிரிவு பயம். மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து, அப்புறம் செருப்பைக் கடித்தால் அது சலிப்பு. இரண்டும் வேறு. பயத்துக்குப் பயிற்சி உண்டு: இரண்டு நிமிடம் வெளியே போய் வருவது, அது அமைதியாக இருந்தால் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று வாரக்கணக்கில் கூட்டுவது. சில நாய்களுக்கு மாத்திரையும் தேவைப்படும். சலிப்புக்கு நடைதான். பீச் ரோட்டில் காலை ஏழரை வரை வண்டி விடுவதில்லை. தார் சூடாவதற்குள் முக்கால் மணி நேரம் பெல்ட்டோடு நடத்திக்கொண்டு வாருங்கள். இழுத்துக்கொண்டு ஓடாமல், மோந்து பார்க்க விடுங்கள். கிளம்பும்போது அதன் காலை உணவில் பாதியைப் பழைய துண்டில் சுருட்டி வைத்துவிட்டுப் போங்கள். பிரித்து எடுத்துத் தின்னட்டும். இதை ஒரு மாதம் செய்து பார்க்காதவர்கள் தயவுசெய்து இரண்டாவது நாயைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறிய ராத்திரிக்குப் பிறகு கட்டிலுக்கு அடியிலேயே கிடந்த ஒரு நாயும் நினைவுக்கு வருகிறது. அதற்கும் துணை வாங்கினார்கள். இப்போது இடி இடித்தால் இரண்டும் கட்டிலுக்கு அடியில். பெரியது நடுங்குவதைப் பார்த்துச் சின்னதும் நடுங்கக் கற்றுக்கொண்டது.

பூனை விஷயம் இதைவிட மோசம். பூனைக்குத் தன் இடம் முக்கியம். முன்பின் தெரியாத பூனையை ஹாலில் இறக்கிவிட்டால் அது நண்பன் என்று நினைக்காது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு பெண் காய்கறிக் கூடையில் ஆண் பூனையை வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டி, பஸ்ஸில் கொண்டுவந்தார். "ரெண்டு நாளா மோஷன் வரல டாக்டர், முக்கிக்கிட்டே இருக்கான்." வயிற்றைத் தொட்டேன். மூத்திரப்பை எலுமிச்சம்பழம்போல் இறுகிக் கிடந்தது. மலச்சிக்கல் இல்லை, மூத்திரம் அடைத்திருந்தது. ஆண் பூனைக்கு இது உயிர் போகும் விஷயம், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. மனக்கலக்கம் இந்த அடைப்புக்குப் பெரிய காரணங்களில் ஒன்று. வீட்டில் என்ன மாற்றம் என்று கேட்டேன். பத்து நாள் முன்னால் இன்னொரு பூனை வந்திருக்கிறது. மலஜலம் கழிக்க மண் நிரப்பிய ஒரே தட்டு, ஒரே தண்ணீர்க் கிண்ணம். புதிது தட்டுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு இவனை விடவில்லை. ட்யூப் போட்டு மூன்று நாள் வைத்திருந்து காப்பாற்றினோம்.

இரண்டு பூனை என்றால் மூன்று தட்டு வேண்டும், வெவ்வேறு மூலையில். புதிதை முதலில் தனி அறையில் வையுங்கள். இதன் துண்டை அதற்கும் அதன் துண்டை இதற்கும் போட்டு வாசனை பழக்குங்கள். மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு வையுங்கள். சீறாமல் சாப்பிடும் நாள் வந்த பிறகு கதவை விரல் அளவு திறக்கலாம். சில வீட்டில் இதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பொறுமை இல்லை என்றால் ஒரு பூனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நோய்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எட்டு வாரம் ஆகாத நாய்க்குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. "நாற்பது நாள் குட்டி, எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஊசிகள் ஆறிலிருந்து எட்டாவது வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை தவணையாகப் போட வேண்டியவை. ரத்தக் கழிச்சல் என்று நீங்கள் சொல்லும் பார்வோ, உடம்புக்குள் வந்து சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். வாங்கும்போது துள்ளிக் குதித்த குட்டி ஐந்தாம் நாள் வாந்தி எடுக்கும். எனவே புதிதை இரண்டு வாரம் தனியே வையுங்கள். பழையவனுக்குத் தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். பார்வோவில் ஒரு குட்டி போய்விட்ட துக்கத்தில், அடுத்த வாரமே அதே வீட்டுக்கு இன்னொன்று கொண்டுவருகிறீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். அந்தக் கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில், ஒரு வருடம்வரைகூட இருக்கும். பினாயிலுக்குச் சாகாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து தரையைக் கழுவி, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மண் தரையை அப்படிச் சுத்தம் செய்யவும் முடியாது. புதுக் குட்டி பிள்ளைகளைக் கடித்தோ பிராண்டியோ விட்டால், "குட்டிதானே" என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வெறிநாய்க்கடி ஊசி போடுங்கள்.

ஜோடியாக வாங்கினால் நல்லது என்று ஆணும் பெண்ணுமாக வாங்குபவர்கள் கருத்தடை ஆபரேஷனுக்கும் அன்றே தேதி கேளுங்கள். பூனைகள் நான்கு ஐந்து மாதத்திலேயே சினையாகும். கூடப் பிறந்தவை என்பதெல்லாம் அவற்றுக்குக் கணக்கில்லை.

உண்மையாகவே துணை தேவைப்படும் பிராணிகளும் உண்டு. முயல், கினி பன்றி, லவ் பேர்ட்ஸ் எல்லாம் தன் இனம் பக்கத்தில் இல்லாமல் வாடிப்போகும். தனியாக ஒரு முயலைக் கூண்டில் வைத்திருப்பவரிடம் நானே இன்னொன்று வாங்கச் சொல்வேன், இரண்டுக்கும் ஆபரேஷன் முடிந்த பிறகு. பச்சைக்கிளிக்குத் துணை தேடி வருபவர்களிடம் மட்டும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இரண்டாவதை வாங்கினால் குற்றம் இரண்டாகும்.

கூட வாழ்ந்த நாய் செத்த பிறகு சாப்பிடாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாயைப் பார்க்க எனக்கும் தாங்காது. அதற்கு அவகாசம் கொடுங்கள். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு நடை, பக்கத்தில் நீங்கள். இரண்டு நாள் எதுவும் தொடவில்லை என்றால் அழைத்து வாருங்கள், செத்ததற்கு வந்த நோய் இதற்கும் வந்திருக்கலாம். வாரங்கள் கழித்து, அது தானாக வெளியே போய் மோந்து பார்க்கத் தொடங்கிய பிறகு புதியதைப் பற்றி யோசிக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அம்மா தனியாக இருக்கிறார் என்று எழுபது வயதில் அவருக்கு ஒரு லாப்ரடார் குட்டி அனுப்பாதீர்கள். ஒரு வருடத்தில் அது முப்பது கிலோ ஆகும், பெல்ட்டைப் பிடித்தவரை இழுத்துக் கீழே தள்ளும். அவருக்கு நாய் ஆசை என்றால், அடங்கிப் பழகிய ஐந்தாறு வயது நாட்டு நாய் ஒன்றைத் தத்தெடுத்துக் கொடுங்கள். நடத்திக் கூட்டிப்போக ஓர் ஆளையும் ஏற்பாடு செய்யுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு இரண்டாவது நாய் உங்களுக்கே வேண்டும், இரண்டையும் பார்த்துக்கொள்ள நேரமும் பணமும் இருக்கிறது என்றால் வாங்குங்கள், எனக்கும் சந்தோஷம்தான். தனியே வைத்த இரண்டு வாரம் முடிந்து, ஊசி போட்டிருந்தால், முதல் சந்திப்பை வீட்டுக்கு வெளியே, இருவருக்கும் புதிதான இடத்தில் வையுங்கள். இரண்டுக்கும் பெல்ட், இரண்டு ஆள். பக்கத்தில் பக்கத்தில் நடத்துங்கள். வீட்டில் பழையவன் படுக்கும் மூலையைக் குட்டி தொடக் கூடாது. சாப்பாடு தனித்தனி அறையில். உறுமினால் பழையவனை அடிக்காதீர்கள், உறுமல் அவன் தரும் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் அடுத்த தடவை எச்சரிக்காமல் கடிப்பான். முதல் சில மாதம் இருவரையும் தனியே விட்டுவிட்டு வெளியே போகவே கூடாது.

நேற்று ஷிட்ஸு குட்டியின் தையலைப் பிரித்தேன். விழி உள்ளே நின்றுவிட்டது, பார்வை இல்லை. அம்மா அதன் முகத்தைத் துடைத்துவிட்டு, "முதல்லயே ராக்கியைக் கொண்டுவந்து காட்டியிருக்கணும்" என்றார். ராக்கிக்கு ரத்தப் பரிசோதனை செய்து வலி மருந்து தொடங்கி இருபது நாள் ஆகிறது. இப்போது ஆட்டோ சத்தம் கேட்டால் எழுந்து, மெதுவாகக் கேட் வரைக்கும் வருகிறானாம். ஹாலுக்கும் அவன் அறைக்கும் நடுவே இடுப்பளவு மரத் தட்டி அடித்திருக்கிறார்கள். குட்டி இந்தப் பக்கம், ராக்கி அந்தப் பக்கம். அடுத்த தவணை ஊசிக்குக் குட்டியை வரும் செவ்வாய்க்கிழமை அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.