கல்லறைக் கல்லின் கோடுகள் சொல்லும் நிறம்

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் அம்மா தன் மூதாதையர் ஒருவரின் கல்லறைக் கல்லிலிருந்த மரபுச் சின்னத்தை, அதாவது கேடயத்தில் வரையும் ஐரோப்பியக் குடும்ப அடையாளத்தை, பெரிதாக அச்சிட்டுக்கொண்டு வந்தார். போனில் எடுத்த படம். ஏதோ ஒரு செயலியில் போட்டுத் தெளிவாக்கி, நிறமும் கொடுத்திருந்தார்கள். கேடயம் நல்ல சிவப்பு. வீட்டு வாசலில் பலகையாக மாட்டப் போகிறோம், அச்சுக்கு ஏற்றபடி செய்து தாருங்கள் என்றார். போனில் எடுத்த மூலப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கேடயம் முழுக்க மெல்லிய கிடைக்கோடுகள். செயலி அவற்றைக் கீறல் என்று நினைத்து வழித்துவிட்டிருந்தது.

கிடைக்கோடு என்றால் நீலம்.

கொழும்பில் பழைய ஆவணங்களையும் கற்களையும் டிஜிட்டல் படமாக்குவது என் தொழில். இந்தத் தவறை அடிக்கடி பார்க்கிறேன். கல்லில் நிறம் பூச முடியாதபோது அதைக் கோட்டால் காட்டுவார்கள். இந்த முறையைப் பரப்பியவர் பெத்ரா சாங்தா என்ற இத்தாலிய யேசு சபைக் குரு. அவருடைய நூல் 1638இல் வந்தது. நிலைக்கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளி பொன், வெறுமை வெள்ளி, இரண்டு கோடும் குறுக்கிட்டால் கறுப்பு. பார்ப்பவரின் இடப்பக்க மேல் மூலையிலிருந்து வலப்பக்கக் கீழ் மூலைக்கு இறங்கும் சாய்கோடு பச்சை. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஊதா.

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கொழும்பைப் பிடித்தது அதற்குப் பின், 1656இல். எனவே அவர்களுடைய கற்களில் கோடுகளைக் கண்டால் இந்த முறைப்படி வாசித்துப் பார்ப்பது நியாயம். ஆனால் சிற்பி அழகுக்காகவும் கோடு போட்டிருக்கலாம். அதனால் ரீட்ஸ்டாப் என்ற ஒல்லாந்தர் 1861இல் முதலில் வெளியிட்ட, குடும்ப மரபுச் சின்னங்களின் பெரிய அகராதியோடு ஒப்பிடாமல் நான் எந்த நிறத்தையும் உறுதியாகச் சொல்வதில்லை.

சரி, தேய்ந்த கல்லில் கோட்டை எப்படிப் பார்ப்பது? கொழும்பு வொல்ஃபென்டால் தேவாலயத்துக்குப் போனவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும். 1757இல் கட்டி முடிந்த தேவாலயம் அது. கோட்டைக்குள்ளிருந்த பழைய தேவாலயத்தின் கல்லறைக் கற்களை 1813இல் அங்கே கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட கற்களை நேர் வெளிச்சத்தில், அதுவும் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் எல்லாம் தட்டையாகிவிடும். ஒரு டோர்ச்சைத் தரையோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடியுங்கள். இல்லாதது போலிருந்த கோடுகள் நிழலோடு எழும்பி வரும்.

இதையே முறைப்படி செய்வதை ஆர்.டி.ஐ. (Reflectance Transformation Imaging) என்கிறோம். கெமராவை அசையாமல் நிறுத்தி, கல்லின் பக்கத்தில் பளபளப்பான கறுப்புப் பந்து ஒன்றை வைப்போம். நான் பாவிப்பது ஸ்னூக்கர் பந்து. விளக்கை ஒரே தூரத்தில் வைத்துச் சுற்றிச் சுற்றி நாற்பது ஐம்பது படம் எடுப்போம். தூரத்தை அளக்க ஒரு நூல் போதும். பந்தில் விழும் ஒளிப்புள்ளியைக் கொண்டு வெளிச்சம் வந்த திசையைக் கணினி கணக்கிடும். பிறகு திரையிலேயே வெளிச்சத்தை வேண்டிய பக்கம் திருப்பிக் கல்லை வாசிக்கலாம். கல்லை யாரும் தொடத் தேவையில்லை. எழுத்து தெரியட்டும் என்று வெண்கட்டியோ மாவோ எண்ணெயோ தடவுகிறவர்களை இன்னும் காண்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அது துளைகளுக்குள் இறங்கினால் முழுதாக எடுக்க முடியாது.

இன்னொன்று, படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிடாதீர்கள். சில போன்களின் முன்பக்கக் கெமரா தானாகவே திருப்பிச் சேமிக்கிறது. பழைய நெகடிவைப் பின்பக்கமாக ஸ்கேன் செய்தாலும் இதேதான். சிவப்பும் நீலமும் மாறாது. பச்சை ஊதாவாகும். சிங்கம் எதிர்ப்பக்கம் பார்க்கும். மரபுச் சின்னங்களை வாசிக்கும் கலையில் வலம், இடம் என்பது கேடயத்தைப் பிடித்திருப்பவனுடையது என்பதால் வாசிப்பே புரண்டுபோகும்.

பகிரும்போது மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, திருத்திய படத்தை வேறு பெயரில் போடுங்கள். எந்த இடம், எந்தச் சுவர் அல்லது தரை, எடுத்த நாள் எல்லாம் எழுதுங்கள். கண்ணால் கண்டதைச் சொற்களிலும் எழுதுங்கள்: "கிடைக்கோட்டுக் கேடயம், நடுவில் மரம், மேலே தலைக்கவசம்" என்ற அளவு போதும். தெரியாத பகுதிக்குச் "சிதைந்துள்ளது" என்று போடுங்கள். செயற்கை நுண்ணறிவு அந்த இடத்தை அழகாக நிரப்பித் தரும். பிறகு எது சிற்பி செதுக்கியது, எது கணினி வரைந்தது என்று பிரிக்க நம் பேரப்பிள்ளைகளால் முடியாது.

அந்த அம்மாவின் குடும்பத்தோடு போய்க் கல்லை மறுபடி எடுத்தோம். நீலம்தான். சிவப்புப் பலகை செய்யாமல் நிறுத்தியதில் எனக்குப் பெரிய நிம்மதி.

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயத்திலும் இப்படிச் சின்னங்கள் செதுக்கிய கற்கள் இருந்தன. தேவாலயம் போரில் அழிந்தது. ஜே. பி. லூயிஸ் 1913இல் வெளியிட்ட கல்லறைப் பட்டியலில் அங்கிருந்த வாசகங்களைப் படிக்கலாம். ஆனால் கோடுகளை வாசிக்கப் படம் வேண்டும். உங்கள் வீட்டு ஆல்பத்தில் அந்தத் தேவாலயத்துக்குள் நின்று எடுத்த குடும்பப் படம் இருந்தால், காலடியில் ஒரு கல்லும் படத்தில் பதிந்திருக்கக்கூடும். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும் செய்யுங்கள், வருடத்தை அங்கேதான் எழுதி வைத்திருப்பார்கள்.