தட்டைப் பார்த்து அரிசியைச் சொன்ன மாடல்

மூலக்கடையிலிருந்து ஜி.என்.டி. சாலையில் செங்குன்றம் போய்வருவதுதான் என் தினசரி. அங்கே அரிசி ஆலைகளில் நெல்லை உலர்த்தும் டிரையர், நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் கலர் சார்ட்டர் போன்றவற்றைப் பராமரிக்கிறேன். வேளாண் பொறியியல் படித்தவன் என்பதால் வருடத்துக்கு நாலைந்து இறுதியாண்டு மாணவர்கள் பிராஜெக்ட் என்று தேடி வருவார்கள். இப்போது எல்லாத் தலைப்பிலும் செயற்கை நுண்ணறிவு ஒட்டிக்கொண்டுதான் வருகிறது.

போன வருடம் வந்த நான்கு பேர், செல்போன் படத்தைப் பார்த்து நல்ல அரிசி எது, கறுப்பு விழுந்தது எது என்று சொல்லும் மாடல், அதாவது படங்களைக் காட்டிப் பழக்கிய கணினி நிரல், செய்திருந்தார்கள். கல்லூரியில் 97 சதவீதம் சரியாகச் சொன்னதாம். ஆலைக்கு வந்ததும் கறுப்பு அரிசியை எல்லாம் 'நல்லது' என்றது. "லைட்டிங் சரியில்ல சார்" என்றார்கள். சுற்றி நின்று வேடிக்கை பார்த்த மேஸ்திரி, "தம்பி, தட்டை மாத்தி வெச்சுப் பாரு" என்றார். நீலத் தட்டில் இருந்த நல்ல அரிசியை எவர்சில்வர் தட்டில் கொட்டினோம். உடனே 'கறுப்பு' என்றது!

படம் எடுத்த அன்று நல்ல அரிசி முழுக்க நீலத் தட்டில், கறுப்பு முழுக்க எவர்சில்வரில் இருந்திருக்கிறது. போதாக்குறைக்கு, 900 படம் என்றது உண்மையில் முப்பது பிடி அரிசிதான். அவற்றையே திருப்பி, சாய்த்துப் பெருக்கிவிட்டு, அப்புறம்தான் பயிற்சிக்கு, சோதனைக்கு என்று பிரித்திருக்கிறார்கள். பழகிய அதே அரிசிதான் சோதனையிலும் வந்திருக்கிறது. வினாத்தாள் முந்தின நாளே கையில் கிடைத்தவன் 97 வாங்குவதில் என்ன அதிசயம்?

பையன்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பயிர் நோயைக் கண்டறியும் மாடல்களுக்கு பிளான்ட்வில்லேஜ் என்ற இலைப்படத் தொகுப்பை இந்தத் துறையில் பலரும் எடுத்தாள்வார்கள். 14 பயிர்கள், 54,306 படங்கள். 2016-இல் அதில் பயிற்றுவித்த மாடல் 99 சதவீதம் தாண்டியது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அதே மாடல் 31 சதவீதத்துக்கு இறங்கியது. பிற்பாடு ஒருவர் இலையையே காட்டாமல் பின்னணியிலிருந்து வெறும் 8 பிக்சல் (படத்தின் மிகச் சிறிய நிறப்புள்ளிகள்) கொடுத்துப் பார்த்தார். கிட்டத்தட்ட பாதி சரியாக வந்தது. அங்கேயும் தட்டுக் கதைதான்.

இதைக் கணினித் துறை ஆசிரியர் வந்து, நாய்ப் படம் பூனைப் படம் வைத்து நடத்தும் விருப்பப்பாடத்தில் கற்க முடியாது. நம் வேளாண் பொறியியல் ஆய்வக வகுப்புகளுக்குள்ளேயே வைக்க வேண்டும் என்பது என் கட்சி. மீஞ்சூர் பக்கம் கடல்நீர் ஏறிய மண்ணில் மலிவு விலை ஈரப்பத சென்சாரைச் செருகினால், உப்பின் மின்கடத்தலால் இல்லாத ஈரத்தையும் காட்டும். அந்த எண்ணை எந்த மாடலுக்குக் கொடுத்தும் பயனில்லை. சென்சாரை அளவுத்திருத்தம் செய்யும் இரண்டாம் ஆண்டு வகுப்பில்தான் செயற்கை நுண்ணறிவுப் பாடமும் தொடங்க வேண்டும்.

கேட்டதற்குப் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலிகளுக்கும் இதே கதைதான். 17 சதவீத ஈரமுள்ள ஒரு டன் நெல்லை 14-க்கு உலர்த்த எவ்வளவு நீர் போக வேண்டும்? ஒரு மாணவி செயலியைக் கேட்டு 30 கிலோ என்று எழுதி வந்தாள். பதினேழு பதினாலானால் குறைவது மூன்று சதவீதம், ஆயிரம் கிலோவில் அது 30 என்பது பார்க்கச் சரி போலத்தான் இருக்கும். ஆனால் மாறாமல் இருப்பது 830 கிலோ உலர்பொருள், அதை 0.86-ஆல் வகுத்தால் மிஞ்சுவது 965. ஆக, போக வேண்டியது 35 கிலோ. பேப்பரில் போட்டுக் காட்டியதும் அவளே சிரித்துவிட்டாள். செயலியைப் பயன்படுத்தட்டும், தடுக்க வேண்டாம். விடையோடு இந்தக் கைக்கணக்கும் இருந்தால்தான் மதிப்பெண் என்று வைத்தால் போதும்.

சரி, அந்த நான்கு பேர்? மூன்று ஆலைகளில், வேறு வேறு நாள்களில், கிடைத்த தட்டிலும் சாக்கிலும் புதிதாகப் படம் எடுத்தார்கள். ஓர் ஆலையின் படங்களைக் கடைசிவரை தொடாமல் சோதனைக்கென்றே ஒதுக்கினார்கள். 81 சதவீதம் வந்தது. வைவாவில் தேர்வாளர், "முதல் ரிவ்யூவில் 97 போட்டிருக்கிறீர்கள், ஏன் குறைந்தது?" என்று கேட்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டாராம். இந்த வருடம் வந்திருக்கும் குழுவிடம், அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அந்த இரண்டு தட்டுகளின் படத்தை ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.