பச்சைக் குழந்தைக்குத் தைக்கிறீர்களா? உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணிதான் போட வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். தையல்காரர் கண்ணுக்கும் அது சரியான வழக்கமே. பலமுறை துவைத்த கண்டாங்கியில் (செட்டிநாட்டுக் கைத்தறிப் பருத்திச் சேலை) கஞ்சி போயிருக்கும், அதிகப்படிச் சாயம் இறங்கியிருக்கும், சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கியிருக்கும். புதுப் பருத்தியை நனைக்காமல் வெட்டித் தைத்தால் முதல் துவையலிலேயே ஜபலா, அதாவது குழந்தையின் மேலுடுப்பு, அரை அங்குலம் குட்டையாகிவிடும்.

சிக்கல், அந்தப் பழந்துணி எங்கே கிடந்தது என்பதில்தான் இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை வீடுகளில் ஆயாவின் (பாட்டியின்) சேலை மர அலமாரியில் அந்துருண்டையோடு வருஷக்கணக்கில் இருந்திருக்கும். வெள்ளை அந்துருண்டை பலவற்றில் இருப்பது நாப்தலீன். ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு, அது ஏறிய துணியே ஆபத்து. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போய் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மஞ்சள் காமாலை கடுமையாகும். குழந்தையைப் பார்த்து இந்தக் குறைபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். துவைத்து வெயிலில் போட்டால் வாடை குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தச் சேலையைக் கைக்குழந்தைக்கு எடுக்காதீர்கள். அன்றாடம் கட்டி, துவைத்து, கொடியில் புழங்கிய சேலை போதும், அது எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும். தைத்த உடுப்புகளை எடுத்து வைக்கும் இடத்திலும் அந்துருண்டை வேண்டாம். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போடுங்கள்.

வெட்டுவதற்கு முன் சாயம் பாருங்கள். வெள்ளைத் துணியை நனைத்துக் கரைமேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். நிறம் ஒட்டினால் அந்தப் பகுதி வேண்டாம். பொதுவாகவே கண்டாங்கியின் அகலக் கரை தடிமன். குழந்தை உடுப்புக்கு உடல் பகுதியை மட்டும் எடுப்பது நல்லது. ஜரிகை எந்த இடத்திலும் கூடாது, அழகுக்கு ஒரு கோடுகூட.

இனி ஜபலா. 3 கிலோ குழந்தையின் மார்புச் சுற்று ஏறக்குறைய 33 செ.மீ.; தலைச்சுற்று அதைவிட ஒன்றிரண்டு செ.மீ. அதிகம். தலைவழியாக மாட்ட வேண்டுமென்றால் கழுத்தை அகலமாக வெட்ட வேண்டும், அப்படி வெட்டினால் தோளில் நிற்காது. ஆகவே ஒரு முன்துண்டு மற்றதன்மேல் ஏறி, பக்கத்தில் முடிச்சுப் போடும் மாதிரிதான் முதல் மூன்று மாதத்துக்குத் தோது.

48 அங்குல அகலச் சேலையில் கரை போக 42 அங்குலம் தேறினால், நீளத்தில் 12 அங்குலம் கிழித்தாலே ஒன்றுக்குப் போதும். பின்துண்டு, கையோடு சேர்த்து, 18 அங்குல அகலம். முன்துண்டுகள் தலா 12 அங்குலம்: பாதி 9, மேலே ஏறுவதற்கு 3. கை இருபுறமும் 4 அங்குலம் நீளம், தோளிலிருந்து 4 அங்குலம் இறக்கம். அக்குளைக் கூராக வெட்டாமல் வளைத்து வெட்டுங்கள், கூர்முனை கிழியும். பின்கழுத்து நாலரை அங்குல அகலம், அரை அங்குல ஆழம். முன்கழுத்து, தோளும் கழுத்தும் சேரும் முனையிலிருந்து அக்குள் மட்டத்துக்குச் சரிவாக இறங்கும். புதிதாகத் தைப்பவர்கள் இங்கேதான் இரண்டு முன்துண்டையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிடுகிறார்கள். அச்சடித்த துணி என்றால் ஒரு துண்டு வீண். கண்டாங்கிக் கட்டம் இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதால் புரட்டிப் போட்டுச் சமாளித்துவிடலாம். கைத்தறி தரும் சலுகை அது.

பக்கத் தையலுக்கும் தோளுக்கும் ஓவர்லாக் (ஓரத்தை நூலால் சுற்றிப் பின்னும் மெஷின் தையல்) வேண்டாம். அதன் நூல் கண்ணிகள் உள்ளே நிற்கும், தோலை உரசும், விரலும் மாட்டும். பிரெஞ்ச் தையல் போடுங்கள்: நல்ல பக்கம் வெளியே இருக்க கால் அங்குலத்தில் ஒரு தையல், ஓரத்தைப் பாதியாக நறுக்கி, உள்பக்கம் திருப்பி மறுபடி கால் அங்குலத்தில் இன்னொன்று. பிசிறு முழுவதும் உள்ளே அடைந்துவிடும். சரியாக நறுக்காவிட்டால் பிசிறு வெளிப்பக்கம் மீசைபோல் எட்டிப் பார்க்கும். பழைய மெல்லிய துணிக்கு 11ஆம் எண் ஊசி, தடித்ததற்கு 14. சேலையின் கீழோரத்தில் ஃபால்ஸ் பட்டி அடிக்கும் கண்ணுக்குத் தெரியாத நைலான் நூலைத் தொடவே வேண்டாம்.

கழுத்தோரத்துக்கு ஒன்றேகால் அங்குலக் கிராஸ் பட்டி (துணியைக் குறுக்குச் சாய்வாக வெட்டிய பட்டி). பட்டியை இழுத்துப் பிடித்துத் தைத்தால் கழுத்து சுருங்கும். நாடாவை அதே துணியில் 6 அங்குலத்துக்கு மேல் போகாமல் தைத்து, அக்குளுக்குக் கீழே வையுங்கள். கழுத்தில் நாடாவோ கயிறோ வேண்டாம். ஹூக், பட்டன், முத்து எதுவும் வேண்டாம்.

லங்கோடுக்கு, அதாவது இடுப்பில் கட்டும் துணிக்கு, சொல்ல அதிகமில்லை. 22 அங்குலச் சதுரம், மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். பழைய நாலு முழ வேட்டியில் கரை போக ஆறு சதுரம் தேறும். கஞ்சி போடாதீர்கள், துணியை மிருதுவாக்கும் திரவமும் சேர்க்காதீர்கள். இரண்டுமே ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கும்.

கையுறையும் காலுறையும் சின்ன வேலைதான், ஆனால் கவனம் இங்கேதான் அதிகம் வேண்டும். உள்ளே தொங்கும் ஒரே ஒரு நூலோ அம்மாவின் தலைமுடியோ பிஞ்சு விரலைச் சுற்றிக்கொண்டால், விரல் வீங்கும், வீங்க வீங்க நூல் இறுகும். ரத்த ஓட்டம் நின்று விரலையே இழந்த குழந்தைகள் உண்டு. காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால் முதலில் உறையைக் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். நூல் இறுகியிருந்து எளிதில் வராவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தைக்கும்போது தையல் மடிப்பு வெளியே இருக்குமாறு விடுங்கள். பார்க்க அழகில்லை என்று வீட்டில் சொல்வார்கள், சொல்லட்டும். ஒவ்வொரு துவையலுக்குப் பிறகும் உள்பக்கம் திருப்பிப் பிசிறை நறுக்குங்கள். நகத்தை வெட்டிவிட்டால் கையுறையே பெரும்பாலும் தேவைப்படாது.

மிச்சத் துண்டுகளில் 4 அங்குலப் பந்து தைக்கலாம். இலவம்பஞ்சு துவைத்தால் கட்டிதட்டும், தளர்ந்த நெசவு வழியாகக் கசியவும் செய்யும். பாலியஸ்டர் பஞ்சு துவையலுக்குத் தாங்கும். கண், மூக்கை நூலால் தைத்துக் காட்டுங்கள். பொம்மைகளின் பாதுகாப்புச் சோதனையில் 31.7 மி.மீ. விட்டமுள்ள குழலுக்குள் முழுதாக அடங்கும் எதையும் சிறு குழந்தைக்கு ஆகாத பொருளாகவே கணக்கிடுகிறார்கள். மணியும் முத்தும் கோத்த கொட்டான் (ஓலைக் கூடை) மூடிகள் நம்மூர்க் கைவேலையின் பெருமை. அவை ஆச்சிமார் சீர் வைக்கும் இடத்தில் இருக்கட்டும், தொட்டிலுக்குப் பக்கத்தில் வேண்டாம். கையில் கட்டும் வசம்பு வளையத்துக்கும் இதே கணக்கு. துண்டு உடைந்தால் நேரே வாய்க்குத்தான் போகும்.

கடுகுத் தலையணை தைத்துத் தரச் சொல்லிக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு வயது வரை தலையணையே கூடாது; மூக்கு அழுந்தினால் குழந்தையால் தலையைத் திருப்பிக்கொள்ள முடியாது. தையல் விட்டால் கடுகு மூச்சுக்குழலுக்குப் போகும். ஒரே பக்கம் படுத்துத் தலை தட்டையாவதுதான் கவலை என்றால், விழித்திருக்கும் நேரத்தில் பக்கத்திலேயே இருந்து குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். தூங்கும்போது மல்லாத்தி, சமமான கெட்டி விரிப்பில்.