உச்சிவெயிலில் பூதம்: காசில்லாத திகில்படத்துக்கு நிழலும் ரப்பரும்

காசு குறைந்த பூதப்படங்களில் பூதம் ராத்திரியில்தான் வரும். மழை கொட்டும், கரண்ட் போகும், மின்னல் வெட்டும்போது ஒரு நகம் தெரியும். ரப்பர் உடை ரப்பர் என்று தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் பிறந்த வழக்கம் இது. ஆனால் இருட்டு ஒன்றும் மலிவான சரக்கு இல்லை. ஜெனரேட்டரும் விளக்குகளும் வாடகைக்கு வேண்டும். செல்போன் கேமராவின் சிறிய சென்சாரில் இருட்டு கறுப்பாகவும் விழாது. புள்ளிபுள்ளியாகச் சாம்பல் பூத்துத்தான் விழும்.

பூதத்தைப் பட்டப்பகலில் நிறுத்துவது கன்னியாகுமரி மாவட்டத்தில் சுலபம். நள்ளிரவு பன்னிரண்டு மணி சினிமாக்காரர்களின் நேரம்; உச்சிநேரத்தில் ஒத்தையில் விளைப்பக்கம் (தோப்புப்பக்கம்) போகாதே என்பதுதான் இங்கே பிள்ளைகளுக்குச் சொல்வது. நாட்டார் தெய்வங்களான மாடனுக்கும் இசக்கிக்கும் நண்பகலில் உச்சிக்கொடை கொடுக்கிற ஊரில் பார்வையாளருக்குப் புதிதாக எதையும் விளக்க வேண்டியதில்லை.

பகலில் ரப்பர் பூதத்தைக் கண்டால் சிரிப்பு வருகிறதே, அதற்குக் காரணம் தோல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடைதான் காரணம். ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் யோஹான்சன் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், இருட்டில் நடக்கும் ஆளின் மூட்டுகளில் பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகள் மட்டும் தெரியும்படி படம்பிடித்தார். புள்ளிகள் அசையத் தொடங்கியதும், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில், நடப்பது மனிதன் என்று பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே உடைக்கு எத்தனை கொம்பு வைத்தாலும் உள்ளே இருப்பவர் சாதாரணமாக நடந்தால் கண் கண்டுபிடித்துவிடும்.

நடையை மூன்று இடத்தில் கெடுக்கலாம். நாம் நடக்கும்போது உடம்பு ஒவ்வொரு அடிக்கும் நான்கைந்து சென்டிமீட்டர் ஏறி இறங்கும். முழங்காலை மடக்கியே வைத்துத் தலையை ஒரே மட்டத்தில் கொண்டுபோனால் அந்த ஏற்ற இறக்கம் போய்விடும். வலது காலோடு இடது கை வீசுவது மனித வழக்கம். வலதோடு வலது வீசச் சொல்லுங்கள். மூன்றாவது, வேகம். விழும் பொருள் எடுக்கும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆறடி ஆள் பன்னிரண்டடி பூதமாகத் தெரிய, உயரம் இரண்டு மடங்கு என்பதால், சினிமாவின் வழக்கமான நொடிக்கு 24 படத்தை (பிரேமை) √2-ஆல் பெருக்கி, ஏறக்குறைய 34 படமாக எடுத்து 24-இல் ஓட்ட வேண்டும். 60-இல் எடுத்தால் பூதம் தண்ணீருக்குள் நடப்பதுபோல இருக்கும், பலர் செய்யும் தப்பு அதுதான். தாழ்ந்து நின்று நகர உடம்பு பழகியவர் வேண்டுமென்றால் இங்குள்ள தற்காப்புக் கலையான அடிமுறை பயின்றவர்களைக் கேளுங்கள். நடிப்புப் பயிற்சியைவிட அது இங்கே உதவும்.

செலவே இல்லாத இன்னொரு வித்தை மணலில் இருக்கிறது. உடை போட்டவரைப் பின்னோக்கி நடக்கவிட்டு எடுத்து, படத்தைத் தலைகீழாக ஓட்டுங்கள். அவர் பதித்த தடங்கள் இப்போது பூதத்துக்கு முன்னால் காத்திருக்கும். ஒவ்வொரு பாதமும் தன் தடத்தில் சரியாக இறங்கும். தூக்கும்போது சிதறிய மணல் திரும்ப வந்து சேர்ந்து, தடமே இல்லாத வழுவழுப்பான மணல் பின்னால் மிஞ்சும். முட்டம் பக்கத்துச் செம்மணலில் இது பளிச்சென்று தெரியும். ஈர மணல் வேண்டாம், தூசி பறக்காது. கடல் பிரேமுக்குள் வரவே கூடாது, பின்னோக்கிப் போகும் அலை காட்டிக்கொடுத்துவிடும். காக்கா பறந்தாலும் அந்த டேக் வீண்தான்.

அடுத்தது நிழல். ஒரு பொருள் தரையில் நிற்கிறதா, மிதக்கிறதா என்பதைக் கண் பெரிதும் நிழலை வைத்தே முடிவுசெய்கிறது. பார்வையை ஆராயும் டேனியல் கெர்ஸ்டனும் சகாக்களும் 1990-களில் காட்டியது இதுதான்: பந்து ஒரே பாதையில் போனாலும், அதன் நிழலின் பாதையை மட்டும் மாற்றினால் பந்து மேலே எழும்புவதாகத் தெரியும். நம் மாவட்டம் ஏறத்தாழ 8 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் 10-ஐ ஒட்டியும் செப்டம்பர் 1-ஐ ஒட்டியும் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். இந்திய நேரம் 82½ டிகிரி கிழக்கை வைத்துக் கணக்கிடப்படுவது. நாம் 77½-இல் இருக்கிறோம். அதனால் உச்சி 12 மணிக்கு வராது, 12.20 வாக்கில்தான் வரும். அப்போது நிற்பவரின் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். இருபது நிமிடம் தள்ளினால் சூரியன் 5 டிகிரி சாயும், 1.8 மீட்டர் உருவத்துக்கு 16 சென்டிமீட்டர் நிழல் விழும். 12 முதல் 12.40 வரைதான் வேலை நேரம். தேதி ஐந்து நாள் முன்பின் போனாலும் நிழல் ஆறு சென்டிமீட்டர்தான் நீளும், பாதகமில்லை. காலையிலேயே ஒத்திகை பார்த்து, கேமரா வைக்கும் இடத்தைக் குறித்துவிட வேண்டும். மற்ற பாத்திரங்களைச் சாயங்காலம் நீண்ட நிழலோடு எடுத்தால், நிழலில்லாத உருவம் வரும்போது என்ன மாறியது என்று சொல்லத் தெரியாமலே பார்ப்பவர் நெளிவார்.

மணலின் நிறமும் கணக்கு. வெள்ளை மணல் வெளிச்சத்தைக் கீழிருந்து திருப்பி அடித்து முகத்தின் பள்ளங்களை நிரப்பிவிடும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணல் இல்மனைட் என்ற கருந்தாது கலந்தது, ஒளியை விழுங்கும்; உச்சிவெயிலில் புருவத்துக்குக் கீழே கண்குழி இருண்டே கிடக்கும். தனியாகக் கண் செய்ய வேண்டியதே இல்லை.

செல்போனில் எடுப்பவர்களுக்கு என்.டி. 64 பில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி, கட்டாயம். அது இல்லாவிட்டால் இந்த வெயிலுக்குப் போன் தானாகவே ஷட்டரை நொடியில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்காகச் சுருக்கிவிடும். அசைவில் மங்கல் போய், ரப்பர் மடிப்பு தொளதொளவென்று ஆடுவது ஒவ்வொரு படத்திலும் கூர்மையாக விழும்.

இனி ரப்பர். குலசேகரம், கீரிப்பாறை தோட்டங்களில் சிரட்டையில் வடியும் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். சில மணி நேரத்தில் உறைந்தும் போகும். அதை அப்படியே அச்சில் ஊற்றக் கூடாது. மையவிலக்கு இயந்திரத்தில் 60 சதவீதமாக அடர்த்தியாக்கி, அமோனியா சேர்த்து, வல்கனைஸ் செய்த (கந்தகம் சேர்த்து உறுதியாக்கிய) பாலை வாங்குங்கள். களிமண்ணில் உருவத்தைச் செய்து அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு எடுக்க வேண்டும்: எடையில் பத்துப் பங்கு பொடிக்கு ஏழு பங்கு தண்ணீர். அச்சு நன்றாகக் காய்ந்த பிறகு பாலை ஊற்றினால், பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்சச் சுவரில் தோல் கட்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் மிச்சப் பாலைக் கவிழ்த்துவிடலாம். காயும்போது தோல் 5 முதல் 10 சதவீதம் சுருங்கும். உருவத்தை அந்த அளவு பெரிதாகவே செய்யுங்கள். காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்க வேண்டாம், நிறமே சொல்லும்: பால்வெள்ளை போய்த் தேன்மஞ்சளாக ஊடுதெரிய வேண்டும். ஜூன், ஜூலைச் சாரலில் இதற்கு நாள்கணக்கில் ஆகும்.

மனிதத் தோலுக்குள் வெளிச்சம் நுழைந்து சிதறித் திரும்பும். பெயிண்ட் அடித்த ரப்பர் வெளிச்சத்தை மேலேயே தடுத்துவிடுவதால்தான் செத்துக் கிடக்கிறது. பாலிலேயே நிறத்தைக் கலந்து, அடியில் சிவப்பு, மேலே வெளிர் பச்சை என மூன்று நான்கு மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். உள்ளே செம்புக் கம்பி வேண்டாம், ரப்பரை அரித்துவிடும், அலுமினியம் போதும். தேங்காயெண்ணெய் தேய்த்த தலையில் முகமூடியை மாட்டினால் உள்பக்கம் ஊறிப் பிசுபிசுக்கும். ஈரப் பளபளப்புக்குக் கிளிசரினும் தண்ணீரும் சமபாகம் கலந்து தெளிக்கலாம், வெயிலில் சீக்கிரம் உலராது. ஆனால் மணல் ஒட்டும், முழங்காலுக்கு மேலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவருக்கு வேர்வை ஆவியாக வழியில்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையைக் கழற்றுங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ளவரை உடைக்குள் அனுப்பவே வேண்டாம்.

சத்தத்தில் ஒரே ஒரு விஷயம். திடுக்கிட வைக்கும் பெருஞ்சத்தத்துக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு முன்னால் சின்னதாக ஒரு சத்தம் கேட்டால், மூளை அந்தத் திடுக்கிடலைத் தானே தணித்துவிடும். 24 பட வேகத்தில் அது இரண்டு மூன்று பிரேம். பூதம் பாயும் இடத்தில் எடிட்டர் பாசத்தோடு சேர்த்த துணி உரசலும் சருகுச் சத்தமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அவற்றை வெட்டிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.